மூன்று முறை கூப்பிட்டாச்சு

நீதிமன்றத்துக்கு மரியாதை கொடுக்கத் தெரியாது, வாங்கத்தான் தெரியும். பெரிய மனிதர், சின்ன மனிதர், அடித்தவர், அடி வாங்கியவர், யாராக இருந்தாலும் வாசலில் மொட்டையாகப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். முன்னால் ஒரு 'திரு' கிடையாது, பின்னால் ஒரு 'அவர்கள்' கிடையாது. அப்படிக் கூப்பிடுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற அந்த ஆளை டவாலி என்பார்கள். அவருடைய சொந்தப் பேர் அங்கே யாருக்கும் தெரியாது. அவரைக் கூப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

இந்த டவாலிக்கு வாய்த்தது சாதாரணத் தொண்டை இல்லை. அவர் வாசலில் நின்று ஒரு பேரைச் சொன்னால் எதிர்ச்சாரி டீக்கடையில் இருக்கிறவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவான். வழக்கே இல்லாதவன்கூடத் தன் பேரோ என்று ஒரு கணம் திடுக்கிட்டு நிற்பான். மூன்று முறை கூப்பிடுவது விதி. மூன்றுக்கும் ஆள் வரவில்லை என்றால் உள்ளே போய், "மூணு தடவ கூப்பிட்டாச்சு" என்பார். ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். அதற்கு மேல் உள்ளே அவருக்கு வாய் கிடையாது. யாராவது சத்தம் போட்டால் 'சைலன்ஸ்' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

வீட்டில் அதுவும் கிடையாது. "அங்கயே எல்லாத்தையும் கத்தித் தீத்துட்டு வந்துடறார். இங்க உப்பு வேணும்னாக்கூடக் கையாலதான் காட்டறார்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள். போன வருஷம் டிரில் மாஸ்டரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். டிரில் மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு ஓய்வு பெற்றவர். முதுகு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை, நாற்காலியில் சாயவே சாயாது. வேலைக்குப் போன காலத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. தன் கல்யாணத்தன்று காலையிலும் பள்ளிக்கூடம் போய்ப் பிள்ளைகளைக் கை கால் ஆட்ட வைத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாராம். வீட்டில் சாப்பிட உட்காரும்போது எல்லோரும் வந்தாயிற்றா என்று அவர் ஒரு பார்வை பார்ப்பார், அதுவரை யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள்.

இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. அதைவிட மோசமாக, மரியாதை இருந்தது. சம்பந்திகள் இருவரும் ஒரு வாசலில் சந்தித்துவிட்டால் போதும். "நீங்க போங்க", "இல்ல சம்பந்தி, நீங்க மொதல்ல" என்று இரண்டு பேரும் வெளியிலேயே நிற்பார்கள். பின்னால் வருகிற பெண்கள் கால் வலித்துப் புறக்கடை வழியாக உள்ளே போய்விடுவார்கள்.

இப்படி இருக்கையில் டிரில் மாஸ்டருக்கு சம்மன் வந்தது. எப்போதோ ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்து பள்ளிக்கூடத்து கேட்டை இடித்துவிட்டது. நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதற்குள் அவர் ஓய்வு பெற்று, கேட்டை மாற்றி, லாரியைக் காயலான் கடையில் போட்டும் ஆகிவிட்டது. வழக்குதான் உயிரோடு இருந்தது.

அன்று காலை அவர்தான் முதல் ஆளாக வந்தார். வராந்தாவின் கோடியில் இருந்த பெஞ்சில், சலவைச் சட்டையோடு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். நண்பகலுக்குச் சற்று முன் பெஞ்சு கிளார்க் அடுத்த பேரை எழுதிய சீட்டை டவாலியிடம் நீட்டினார். டவாலி பார்த்தார். சம்பந்தியின் பேர்.

வாசலுக்கு வந்து நின்றார். வராந்தா முழுக்கக் கூட்டம். அவர் தெருக்காரர்களே இரண்டு பேர் தூணடியில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சின் கோடியில் சம்பந்தி. தன் பெண்ணைக் கட்டிக்கொண்டு போன வீட்டுப் பெரியவரை, அத்தனை பேருக்கு முன்னால், மாடு மேய்க்கிறவன் மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி மொட்டையாகப் பேர் சொல்லிக் கத்துவதா? பேரோடு ஒரு 'சார்' சேர்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் சீட்டில் இருப்பதைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஜட்ஜம்மா ஒருமுறை கடுமையாகச் சொல்லியிருந்தார். டவாலி சீட்டை மடித்துப் பையில் வைத்தார். சம்பந்தியைப் பார்த்து, தலையை லேசாகத் தாழ்த்தி, அந்தப் பேரைத் தன் சட்டைப் பித்தானுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்.

டிரில் மாஸ்டர் பார்த்துவிட்டார். பாதி எழுந்து, நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தி, மறுபடி உட்கார்ந்தார்.

டவாலி இரண்டாம் முறை சொன்னார். டிரில் மாஸ்டர் இரண்டாம் முறையும் நெஞ்சில் கை வைத்தார். மூன்றாவதும் அப்படியே ஆயிற்று. சம்பந்திக்குப் புரிந்துவிட்டது, பின்னாலேயே வந்துவிடுவார் என்ற நிம்மதியோடு டவாலி உள்ளே போனார். சம்பந்தி வேலை நேரத்திலும் இவ்வளவு மரியாதையாக இருக்கிறாரே என்ற நிறைவோடு டிரில் மாஸ்டர் பெஞ்சிலேயே இருந்தார்.

"மூணு தடவ கூப்பிட்டாச்சும்மா" என்றார் டவாலி.

ஜட்ஜம்மா சாட்சிக் கூண்டைப் பார்த்தார். காலி. அன்று காலையிலிருந்து அவர் கூப்பிட்ட சாட்சிகளில் ஒருவர்கூட வந்திருக்கவில்லை. "பிடிவாரண்ட்" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார். ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை. டவாலி வாயைத் திறந்தார். உள்ளே அவருக்குச் சொந்தமான ஒரே சொல் சைலன்ஸ்தான். வாயை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டு வேளையில் கிளார்க்கிடம் போய் நின்றார்.

"பேசாம இருங்கண்ணே" என்றார் கிளார்க், டிபன் டப்பாவை மூடாமலே. "வாரண்டெல்லாம் ஸ்டேஷன்ல மூட்ட கட்டிக் கெடக்கு. எவன் போய்ப் பிடிக்கறான்? அடுத்த வாய்தாவுக்கு அவரே வந்து நின்னார்னா தானா ரத்தாயிடும். இதப் போய் ஜட்ஜம்மாகிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்காதீங்க."

சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்தபின் டிரில் மாஸ்டர் எழுந்து வந்தார். "இன்னிக்கு நம்மளக் கூப்பிடல போல சம்பந்தி?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் உங்களைப் பிடித்துவர உத்தரவாகியிருக்கிறது என்று சம்பந்தியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"தேதி தள்ளிப் போயிருக்குங்க" என்றார் டவாலி. அது பொய் இல்லை என்று வீடு வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார்.

கிளார்க்குக்குப் போலீஸைப் பற்றித் தெரிந்தது பழைய கதை. வாரண்டெல்லாம் தேங்கிக் கிடக்கிறது என்று மேலிடத்தில் அந்த வாரம்தான் ஸ்டேஷனைக் காய்ச்சி எடுத்திருந்தார்கள். ஏட்டு மூட்டையைப் பிரித்தார். திருடினவன், வெட்டினவன், கப்பலேறிப் போனவன், செத்தே போனவன். நடுவில் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர், சொந்த வீடு, சரியான விலாசம். ஏட்டு மனம் குளிர்ந்து வண்டியை எடுத்தார். சனிக்கிழமை காலை அவர் போனபோது குற்றவாளி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "வாங்க, யாரப் பாக்கணும்?" என்று அவரே கேட்டைத் திறந்துவிட்டார்.

மதியத்துக்குள் மருமகன் வந்து டவாலியின் மகளை இறக்கிவிட்டுப் போனான். கையில் பெட்டி. "ரெண்டு நாள் இருக்கட்டும் மாமா" என்றான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மகள் அழவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"மாமாவப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கோர்ட்டுல கூப்பிட்டப்போ வரலயாம். அவர் காலைல போனவர் சாயந்தரம்தான் வந்தார்ப்பா. நீங்கதானே வாசல்ல நிக்கறீங்க? அத்த கேக்கறாங்க, உங்கப்பாவுக்கு எங்க மேல என்ன கோவம்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"கூப்பிட்டேம்மா" என்றார் டவாலி.

"யாருக்குமே கேக்கலயாமே?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இந்த மனிதரோடு குடும்பம் நடத்திய அனுபவம் உண்டு.

"எப்படிக் கூப்பிட்டீங்க? என்கிட்ட உப்பு கேப்பீங்களே, அப்படியா?"

டவாலி தலையைக் குனிந்துகொண்டார். மனைவி கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். "ஊர்ல இருக்கறவன் பேரையெல்லாம் ஊரு முழுக்கக் கேக்கறாப்ல கத்துங்க. பொண்ணு வாழற வீட்டு விஷயத்துல தொண்ட அடைச்சுக்கங்க. போங்க, போய் அந்த மனுஷனக் கூட்டிட்டு வாங்க. இந்தப் பெட்டி இங்க இருக்கக் கூடாது."

ஸ்டேஷனில் ஏட்டு அவரைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நல்ல வேள வந்தீங்க. இவர எப்படியாவது கூட்டிட்டுப் போயிடுங்க. ஜாமீனெல்லாம் நாங்களே எழுதி வெச்சிட்டோம். கையெழுத்துப் போட மாட்டேங்கறார். போதாததுக்கு வாசல்ல சென்ட்ரி நிக்கற பையனப் போய், நிக்கறது சரியில்ல, குதிகாலச் சேருன்னு உயிர எடுக்கறார்."

டிரில் மாஸ்டர் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. சட்டைதான் கசங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த ஒரு போலீஸ்காரன், "டேய் பெருசு, கால இழுத்து உக்காரு, வழியில நீட்டிக்கிட்டு" என்றபடி தாண்டிப் போனான். டிரில் மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி" என்று எழுந்தார் டிரில் மாஸ்டர். "உக்காருங்க."

"நீங்க உக்காருங்க."

"இல்ல, நீங்க மொதல்ல."

ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாங்க" என்றார் டவாலி.

"எப்படிப் போடறது? நான் ஆஜராகலன்னு இதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா அத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஜெயில்ல போடட்டும், பரவால்ல. வராதவன்னு எழுதிட்டாங்களே சம்பந்தி. என்னைப் போயி!" முதல் முறையாக அவர் குரல் பிசிறியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அன்னிக்கு என்னைக் கூப்பிடவே இல்லையே?" என்றார்.

"கூப்பிட்டேங்க."

"எப்போ?"

"வாசல்ல வந்து நின்னு, உங்களப் பாத்து... மூணு தடவ."

டிரில் மாஸ்டர் யோசித்தார். "அது வணக்கம் இல்லையா?"

"இல்லீங்க. அது உங்க பேர்."

"நான் பதில் வணக்கம் வெச்சேனே?"

"பாத்தேங்க."

இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தமாக் கூப்பிடறதுதானே?"

"எப்படிங்க... உங்களப் போயி, அத்தன பேர் முன்னாடி, பேர் சொல்லி..."

டிரில் மாஸ்டர் ஒரு முறை கனைத்தார். "காலைலேருந்து இங்க என்னை டேய்னுதான் கூப்பிடறாங்க சம்பந்தி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். அதுதான் டவாலியைக் கொன்றது. தான் பத்திரமாகப் பொத்திவைத்த மரியாதை இந்த மனிதரை எங்கே கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருக்கிறது என்று பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். கையெழுத்து வேண்டாம். திங்கட்கிழமை காலை ஏட்டே வீட்டுக்கு வந்து கோர்ட்டுக்கு அழைத்துப் போவார். அதுவரை அவர் கைதாகித்தான் இருக்கிறார், ஆனால் வீட்டில். விதிப்படி இதெல்லாம் செல்லுமா என்று டிரில் மாஸ்டர் கேட்டார். செல்லும் என்று ஏட்டு தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்.

வாசலில் விடைபெறும்போது டவாலி, "பொண்ண..." என்று இழுத்தார்.

"திங்கக்கிழம முடியட்டும் சம்பந்தி" என்றார் டிரில் மாஸ்டர். மரியாதையாகத்தான் சொன்னார். டவாலி பெட்டி இருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக டிரில் மாஸ்டரைக் கூண்டில் நிறுத்தினார்கள். டவாலி சுவரோரம் தன் இடத்தில் நின்றார். கதவுக்கு வெளியே அவர் மனைவி, மகள், மருமகன்.

"ஏன் வரல?" என்றார் ஜட்ஜம்மா.

"வந்திருந்தேங்கம்மா. எனக்குக் கேக்கல."

"காது கேக்காதா?"

"நல்லாக் கேக்கும்மா."

"பின்ன?"

ஒரு வார்த்தை போதும். உங்கள் டவாலி முணுமுணுத்தார் என்று சொன்னால் டிரில் மாஸ்டர் தப்பித்துவிடலாம். சொன்னால் டவாலிக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் தனக்கு. டிரில் மாஸ்டர் முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டு எதிரே பார்த்தார். காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று டவாலிக்குப் புரிந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். மூன்று முறை கூப்பிட்டதாகப் பதிவு இருக்கிறது, கோர்ட்டுக்கே வராமல் வந்தேன் என்று கூண்டில் நின்று பொய் சொல்கிறார், இதைச் சும்மா விடக்கூடாது என்றார். ஜட்ஜம்மா பேனாவை எடுத்தார்.

"அம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். கிளார்க்குக்கு விக்கலே வந்துவிட்டது. அந்தச் சுவரோரத்திலிருந்து சைலன்ஸ் தவிர இன்னொரு சொல் வந்து அவர் கேட்டதில்லை.

"அவர் பொய் சொல்லலம்மா. வாசல்லதான் இருந்தார். நான்தான் மெதுவாக் கூப்பிட்டேன்."

"எவ்வளவு மெதுவா?"

டவாலி விழித்தார்.

"போய் அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க" என்றார் ஜட்ஜம்மா.

டவாலி வாசலுக்குப் போனார். தலையை லேசாகத் தாழ்த்தினார். திரும்பி வந்து நின்றார்.

"கூப்பிடுங்கன்னு சொன்னேனே?"

"கூப்பிட்டாச்சும்மா. மூணு தடவ."

கூண்டில் டிரில் மாஸ்டர் கை நெஞ்சில் இருந்தது. பழக்க தோஷம். அறையில் எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இவர் யார் உங்களுக்கு?"

"சம்பந்திங்கம்மா. எம் பொண்ணக் குடுத்திருக்கேன்."

ஜட்ஜம்மா கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் சம்பந்தி வீடு இருந்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"வாரண்ட ரத்து பண்ணணும்னா சாட்சி ஆஜர்னு எழுதணும். ஆஜர்னு எழுதணும்னா கூப்பிட்டு வரணும். சார், நீங்க வெளில போய் அன்னிக்கு இருந்த எடத்துல உக்காருங்க. டவாலி, நீங்க போய்க் கூப்பிடுங்க. எனக்குக் கேக்கணும். இது முடிஞ்சதும் உங்களுக்கு ஒரு மெமோ உண்டு."

மெமோ என்றதும் டவாலிக்கு ஏனோ மனசு லேசாகிவிட்டது.

டிரில் மாஸ்டர் வராந்தா முழுக்க நடந்துபோய்க் கோடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டார். டவாலி வாசலில் நின்றார். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்பாவையும் மாமனாரையும் பார்த்தாள். பெஞ்சிலிருந்து டிரில் மாஸ்டர் ஒரே ஒரு முறை தலையசைத்தார். மைதானத்தில் பிள்ளைகளுக்கு விசில் கொடுக்குமுன் அசைப்பாரே, அந்த அசைப்பு.

டவாலி கூப்பிட்டார்.

முன்னால் திரு இல்லை, பின்னால் அவர்கள் இல்லை. அந்தப் பேரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வராந்தாவைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போனது. டீக்கடையில் நாலைந்து பேர் டம்ளரோடு எழுந்து நின்றார்கள்.

டிரில் மாஸ்டர் அசையவில்லை. டவாலிக்கு ஒரு கணம் மூச்சே நின்றது. பிறகுதான் புரிந்தது, மூன்று முறை என்பது விதி. விதி முடியாமல் அந்த மனிதர் எழமாட்டார்.

இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குரல் மட்டும் உடையவில்லை.

டிரில் மாஸ்டர் எழுந்தார். குதிகாலைச் சேர்த்தார். அத்தனை வருஷமாகப் பிள்ளைகள் அவருக்குச் சொன்னதை, அத்தனை பேருக்கு முன்னால், கட்டடம் அதிர அவர் திருப்பிச் சொன்னார்.

"உள்ளேன் ஐயா!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஜட்ஜம்மா, "ஆஜர்னு எழுதுங்க" என்று சொல்வது வாசல்வரை கேட்டது. டிரில் மாஸ்டர் கதவருகே வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீங்க மொதல்ல" என்று யாரும் சொல்லவில்லை. டிரில் மாஸ்டர் நுழைந்தார், பின்னாலேயே டவாலி நுழைந்தார். கூண்டில் ஏறுமுன் டிரில் மாஸ்டர் சம்பந்தி பக்கம் சாய்ந்து மெதுவாக என்னவோ சொன்னார்.

"என்னங்க? கேக்கல" என்றார் டவாலி.

"சாயந்தரம் நானே வந்து மருமகளக் கூட்டிட்டுப் போறேன்னேன்!" என்றார் டிரில் மாஸ்டர், மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையனிடம் சொல்கிற குரலில்.

அறை மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. ஜட்ஜம்மா டவாலியைப் பார்த்தார். அவர் கடமை அவருக்குத் தெரியும்.

"சைலன்ஸ்" என்றார் டவாலி, சம்பந்திக்கு மட்டும் கேட்கிற மாதிரி.